கரடி அத்தையின் வெறும் முகம்

கரடி அத்தைக்குப் புருஷன் செத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவளிடம் பாடம் கேட்கிற நாற்பது குழந்தைகளில் ஒன்றுக்கும் அது தெரியாது. கரடிக்குப் புருஷன் உண்டா என்று போன வருஷம் ஒரு வாண்டு கேட்டது. "இருக்காரே! ரோட்டுல வெள்ளைக் கோடு போடுற கரடி" என்றாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பார்த்த வேலை அதுதான். உச்சி வெயிலில் ஒரு பள்ளிக்கூட வாசலில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மீதிக் கோட்டை மறுநாள் வேறு ஆள் வந்து போட்டு முடித்தான்.

பத்தாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "பத்தே நாள்ல கிளம்பிட்டா பாரு" என்று மாடிப்படியில் இரண்டு பேர் குசுகுசுத்தது காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவளுக்குக் கோபமும் வரவில்லை, அவமானமும் வரவில்லை. காதில் விழுந்த பேச்சு அதற்கு மேல் எங்கேயும் போய்ச் சேரவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற வழியில் அவர் போட்ட கோடுகள் இருந்தன. நாத்தனார் அவற்றை மிதிக்கக் கூடாது என்று சுற்றிக்கொண்டு போவாள். கரடி அத்தை நேராக மிதித்துக்கொண்டு போனாள். கோடு என்றால் நடப்பதற்குத்தானே என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

வேலை செய்யும் இடம் ஒரு டயர் கடையின் மேல்மாடி. பலகை வைத்துத் தடுத்த நாலு அறைகள். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஒரு அறையில் கரடி, ஒன்றில் நரி, ஒன்றில் யானை, மற்றொன்றில் பழைய நாற்காலிகள். வெளியூர்களில் வீட்டிலிருந்தபடி படிக்கிற சின்னக் குழந்தைகளுக்குத் திரையில் கரடி வந்து எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கும், கதை சொல்லும், பல் தேய்த்தாயா என்று அதட்டும். அந்தக் கரடியின் கையும் தலையும் வாயும் இவளுடையவை.

கையும் தலையும் சுலபம். கண்ணை மூடிக் கட்டுகிற ஹெட்செட்டே அதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். முகம்தான் தகராறு. அங்கே இருந்தவை பழைய மாடல் ஹெட்செட்டுகள். முகத்தில் பாதியை மூடத் தெரியுமே தவிர முகம் என்ன செய்கிறது என்று பார்க்கத் தெரியாது. அதனால் வெளியிலிருந்து ஒரு போனை மாட்டியிருப்பவரின் வாய்க்கு நேரே தொங்கவிட்டிருந்தார்கள். மேஜை விளக்கின் வளைகிற கழுத்தை அறுத்து, ஹெட்செட்டின் நெற்றியில் திருகி, அதன் நுனியில் போனைக் கவ்வ வைத்தது கொக்கி அண்ணனின் கைங்கரியம். எதையும் எதிலாவது மாட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். முன்னால் போன் தொங்கினால் தலை முன்னே சாயுமே என்று பின்னால் எடைக்கு ஒரு பழைய பூட்டைக் கட்டியிருந்தார். அதன் சாவி எந்தக் காலத்திலோ தொலைந்து போயிருந்தது.

போன் மூக்குக்குக் கீழே உள்ளதைத்தான் பார்க்கும்: உதடு, கன்னம், மோவாய். கண்ணையும் புருவத்தையும் அதுவே ஊகித்துப் போட்டுக்கொள்ளும். வாய் சிரித்தால் கரடியின் கண்ணும் சிரிக்கும். வாய் மிகவும் இறங்கினால் கரடியின் கண்ணில் ஈரம் தெரியும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இங்கே கண்ணின் அழகே வாயில்தான் தெரிய வேண்டியிருந்தது.

காலையில் எல்லாவற்றையும் மாட்டியதும் முதல் வேலை வெறும் முகம் எடுப்பது. பத்து நொடி சிரிக்காமல், முறைக்காமல், வாயைக் குவிக்காமல் முகத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். போன் அதை அளந்து வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் அதிலிருந்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்க்கும். மறுநாள் எடுக்கும்போது முந்தைய நாளுடையது அழிந்துவிடும். நரி மாமாவுக்கு இது எப்போதும் சண்டை. சும்மா இரு என்றால்தான் அவருக்கு இருமல் வரும். கரடி அத்தைக்கும் முன்பெல்லாம் நாலைந்து தடவையாகும். புருஷன் செத்து வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

"அத்தை, பிரமாதம். சிலை மாதிரி இருக்கீங்க" என்றார் கொக்கி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு உறைக்கவே இல்லை.

வினோதம் என்னவென்றால், அன்றிலிருந்து கரடி அதிகமாகச் சிரித்தது. இவள் "அ" என்று வாயைத் திறந்தாலே கரடியின் முகமெல்லாம் பல்லாகிவிடும். மேனேஜர் அம்மாள் வாசலில் நின்று மேஜை மேலிருந்த திரையில் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம கரடி கலகலன்னு இருக்கு. வேலைதாம்மா மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். கரடி அத்தை ஹெட்செட்டுக்குள் கரடியைக் காட்டுகிற கண்ணாடிச் சதுரத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தன் முகம் தனக்குத் தெரியாமல் சிரிக்கிறது போலிருக்கிறது, அப்படியானால் நாத்தனார் சொல்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஐம்பத்தைந்து வயது. இரண்டு முன்னங்கையிலும் சுட்ட தழும்புகள். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டாமென்று தம்பி வீட்டோடே இருந்துவிட்டாள். அண்டை அயலார் இவர்கள் சண்டைக்காகக் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போனார்கள். பதினாறு வருஷமாக இருவரும் ஒரே குக்கரில் சமைத்து, ஒரே சீப்பில் தலைவாரி, தம்பியை இரண்டு பக்கமும் நின்று கேலி செய்துகொண்டு வாழ்ந்தார்கள்.

இப்போது நாத்தனார் எதற்கும் அழுதாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது அழுதாள். அவர் சட்டையின் பித்தான் ஒன்று அலமாரிக்குக் கீழே அகப்பட்டதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் அழுதாள். கரடி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிறவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தனக்கு ஒன்றும் வரவில்லை. கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் வருமே, அதுகூட வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் சோற்றையும் கிழங்கையும் தட்டில் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள்.

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி."

"ரொட்டி நேத்தே தீந்துபோச்சேம்மா."

கரடி அத்தை யோசித்தாள். "அப்ப சாப்பிடல போல."

நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உன்னை ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அவன் மேல ஏதாவது கோபமா உனக்கு?"

"இல்லையே."

"எனக்குத் தெரியாம ரெண்டு பேருக்கும் ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தானே இருந்தோம்."

"பின்ன ஏன்டி உன் கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல? அவனைத் தூக்கிட்டு வந்தப்பவும் வரல. எடுத்துட்டுப் போனப்பவும் வரல. நான் தலையில அடிச்சுக்கிட்டு அழறேன், நீ போயி கேஸை மூடிட்டு வர்ற."

"பால் பொங்கிடும்னு."

"பொங்கட்டுமே! வீடே போயிடுச்சு, பால் பொங்கினா என்ன?"

"வரலக்கா. நானும் வரும் வரும்னு பாத்தேன்" என்றாள் கரடி அத்தை. உண்மையைத்தான் சொன்னாள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறாள், வருகிறதா என்று. தன்னிடம் ஏதோ ஒரு உறுப்பு குறைகிறது என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. அந்தப் பயமும் வந்த வேகத்தில் போய்விட்டது.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுல நான் ஒருத்தி மட்டும் அழுதுக்கிட்டு இருக்க முடியாதும்மா. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். நான் அழறது உனக்கு நாடகம் மாதிரி இருக்கோ என்னவோன்னு எனக்கே கூச்சமா இருக்கு. சலவைக்கூடத்துக்குப் பின்னாடி தங்கற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு ரூமுக்கு ஆறு பேரு. கட்டில் ஒண்ணு காலியாகுதாம். சனிக்கிழமை போயிடலாம்னு இருக்கேன்."

போகாதீங்கக்கா என்று சொல்ல நினைத்தாள். அதைத்தான் சொல்ல நினைத்தாள் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த இருபத்திரண்டு நாளில் அவளுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே விஷயம் அதுதான், இந்த மனுஷி இந்த வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"பெரிய பெட்டியை எடுத்துக்குங்க. சின்னதுல ஜிப் போயிடுச்சு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்லுளிமங்கி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை போனைப் பிடிக்கிற கவ்வி வியர்வையில் வழுக்கி, கரடி அத்தையின் போன் கீழே விழுந்து காமிராவோடு உடைந்தது. கொக்கி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தேறாது. புதுசு வர மூணு வாரம் ஆகும். எல்லா போனும் முகத்தை அளக்காது அத்தை, இந்த மாதிரிதான் வேணும். வீட்டுல இதே மாதிரி ஏதாவது கிடக்குதா?"

கிடந்தது. அவருடைய போன் அலமாரியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. நாத்தனார் தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்தாள். யாரும் கூப்பிடப் போவதில்லை, யாரும் எடுக்கப் போவதில்லை, ஆனாலும் நூறு ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு துணியால் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். கரடி அத்தை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதன்கிழமை காலை நாத்தனார் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். இவள் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். குடையை எடுத்துக்கொள்வது போலத்தான் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனார் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்த சாமானெல்லாம் தரையில் இறங்கியிருந்தது.

"போன் எங்க?"

"வேலைக்குக் கொண்டுபோனேன்."

"எந்த வேலைக்கு?"

"முகம் பாக்கறதுக்கு. அங்க இருந்தது உடைஞ்சுபோச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க ஷிப்டுக்குப் போயிட்டீங்க."

"அவன் கை பட்ட போனுடி அது. ஓரமெல்லாம் பெயின்ட் ஒட்டியிருக்கும். அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கும் அதுல. நான் துடைக்கறப்பகூட அந்த இடத்தை விட்டுட்டுத்தான் துடைப்பேன்."

"பெயின்ட்டோட அது கவ்வில உக்காரல. கொக்கி அண்ணன் தின்னர் போட்டுச் சுரண்டிட்டாரு" என்றாள் கரடி அத்தை.

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தரையில் பரப்பிய சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் ரேடியோவின் கம்பியை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். கரடி அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை அவள் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமையே கிளம்பறேன். நானே வந்து அந்த போனை வாங்கிக்கறேன். இங்க கொண்டுவராத. வர்ற வழியில இன்னும் யாருகிட்ட குடுப்பியோ. வீட்டுச் சாவியையும் அங்கயே உன் கையில குடுத்துடறேன்" என்று கடைசியில் நாத்தனார் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. முதல் தடவையாக அவளும் அழாமல் பேசினாள்.

வியாழக்கிழமைப் பாடத்தில் ஒரு கதை. கிழட்டு நாய் ஒன்று செத்துப்போகும். சாவைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று யாரோ பெரிய படிப்புப் படித்தவர் எழுதிக்கொடுத்தது. கரடி அத்தை இதை முன்பு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். "காலையில எந்திரிச்சுப் பாத்தா நாய்க்குட்டித் தாத்தா எழுந்திருக்கவே இல்ல" என்கிற இடத்தில் உதட்டை இறக்கி, மோவாயைச் சுருக்க வேண்டும். இறக்கினாள். ஹெட்செட்டுக்குள் அவள் கண்ணுக்கு முன்னால் குழந்தைகளின் சின்னச் சின்னச் சதுரங்களும், ஓரத்தில் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடியில் கரடி இளித்துக்கொண்டிருந்தது.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி கேட்டாள். "கரடி அத்தை, நாய் செத்துப்போனதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலடா கண்ணு." கரடி இன்னும் அகலமாகச் சிரித்தது.

"சிரிக்கிறீங்க!"

இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள். இறங்க இடமே இல்லை. தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளுகிற மாதிரி உதடு அங்கேயே நின்றது. சிறுமி "அம்மா" என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள். மற்ற இரண்டு மூன்று குழந்தைகளும் அழ ஆரம்பித்தன. அழுகிற குழந்தைகளுக்கு நடுவே கரடி சிரித்த முகமாக, "அழக் கூடாது, அழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் அந்தச் சிறுமியின் தாயிடமிருந்து புகார் வந்துவிட்டது. கலகலவென்று இருக்கிறது என்று மெச்சிய அதே மேனேஜர் அம்மாள், "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த மூஞ்சியைச் சரிபண்ணுங்க" என்று கொக்கி அண்ணனிடம் சொன்னாள். எந்த மூஞ்சி என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் முடிந்து கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் ஓய்ந்த நேரத்தில் கொக்கி அண்ணன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மழை வரும்போல இருந்தது. அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை.

"நேத்து பூரா யோசிச்சேன் அத்தை. போன்ல கோளாறு இல்ல. கடையில தராசுல பாத்திரத்தை வச்சுட்டு சைபர் பண்ணுவான் பாருங்க, அதுக்கப்புறம் பாத்திரத்தோட எடை கணக்குல வராது. அந்த மாதிரிதான் வெறும் முகமும். பாத்திரத்துக்குள்ள கல்லு கிடந்தா?"

"கல்லோட எடையும் வராது."

"அதேதான். நீங்க திரும்பி வந்ததுல இருந்து தினம் காலையில கல்லை வச்சே சைபர் பண்ணிட்டோம்னு நினைக்கிறேன். ஏற்கெனவே அடியில கிடக்கற முகத்தைத்தான் இது சும்மா இருக்கற முகம்னு எழுதி வச்சிருக்கு. அங்கிருந்து ஒரு நூல் ஏறினாலும் சிரிப்பு. கீழ இறங்க வழியில்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லையே அண்ணே. நல்லாத்தானே இருக்கேன்."

கொக்கி அண்ணன் போனைக் கையில் எடுத்தார். "முன்ன எடுத்த வெறும் முகம் ஒண்ணு கிடைச்சா வச்சுப் பாத்துடலாம். நம்ம கிட்ட தினம் அழிஞ்சுபோயிடுது" என்று திரையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இதுல என்னமோ ஒண்ணு இருக்கே. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது. பேரு வச்சதால அழியல போல. பேரு, 'கோபம் இல்லாதப்போ'."

"அவரு வச்ச பேரு" என்றாள் கரடி அத்தை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முகம் சரியாக அசையவில்லை என்று இவளை நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையோ கேட்டு அதே சமாச்சாரத்தைத் தன் போனில் ஏற்றி, சமையலறையில் இவளை உட்கார வைத்தார். பத்து நொடி சும்மா இரு என்பார், பிறகு அவரே எதிரே நின்று மூக்கை விடைத்துக் காட்டுவார். கண் இமையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். ஏழு தடவை கெட்டது. எட்டாவது தடவை, சிரித்து ஓய்ந்த முகத்தில்தான் எடுத்தார். பேர் என்ன வைக்கட்டும் என்று கேட்டுவிட்டு, "இவளுக்குக் கோபம் இல்லாத நேரமே அபூர்வம்" என்று அதையே எழுதினார். நாத்தனார் கரண்டியும் கையுமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. யாரோ சொன்ன கதை போல வந்துவிட்டுப் போனது.

"இதைப் போட்டுப் பாக்கட்டுமா?"

"போடுங்க."

அவர் ஹெட்செட்டை அவள் தலையில் இறக்கி, வாரை இறுக்கி, போனின் கழுத்தை வளைத்து வாய்க்கு நேரே கொண்டுவந்தார். பின்னால் பூட்டு பிடரியில் இடித்தது. அப்போது பலகைக் கதவு தட்டப்படுகிற சத்தம் கேட்டது. கஞ்சியும் சூடும் கலந்த சலவைக்கூடத்து வாசனை அறைக்குள் வந்தது.

"போனை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றது நாத்தனாரின் குரல்.

"வாங்கம்மா. ரெண்டே நிமிஷம். இப்பத்தான் மாட்டினேன்."

"நான் நின்னுக்கறேன். சீக்கிரம் முடிங்க. கட்டிலுக்கு வேற ஆளும் காத்துக்கிட்டிருக்கு."

நாத்தனார் பையில் எதையோ துழாவினாள். சாவிக்கொத்து குலுங்கியது.

"அத்தை, வெறும் முகமா இருங்க. ஒண்ணும் செய்யாதீங்க" என்றார் கொக்கி.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவளுக்கு இப்போதெல்லாம் மிகச் சுலபம். முகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். எதிரே கரடி நின்றது. கரடியின் வாயோரம் இரண்டும் கீழே போனது. போனது போய்க்கொண்டே இருந்தது. மோவாய் சுருங்கி மேலே ஏறியது. கீழுதடு நடுங்கியது. புருவம் இரண்டும் நடுவில் கூரை போலத் தூக்கிக்கொள்ள, கண்ணில் ஈரம் கட்டி, வழியாமல் நின்றது. இப்படி ஒரு முகத்தைக் கரடிக்கு வைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. வேறு யாரோ இதை ஆட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கினாள். கரடியும் தூக்கியது.

ஹெட்செட்டுக்கு வெளியே, மேஜைத் திரைக்குப் பக்கத்திலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. "அது என்ன தம்பி, திரையில?"

"கரடிம்மா. இவங்கதான்."

"கரடின்னு தெரியுது. ஏன் இப்படி அழுவுது?"

"அழலம்மா. சும்மா உக்காந்திருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். ரெண்டு வருஷம் முன்னாடி இவங்க வீட்டுக்காரர் எடுத்து வச்ச முகம் ஒண்ணு இதுல இருந்துச்சு. அதுக்கும் இப்ப இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இது. கண்ணை இந்தப் பெட்டி மறைக்குது, போனுக்குத் தெரியாது. வாயைப் பாத்து கண்ணை அதுவா போட்டுக்குது."

"எந்த முகம்? அந்த கோபம் இல்லாதப்போன்னு எழுதினானே, அதுவா?"

"அதேதாம்மா."

"அன்னைக்கு நானும் இருந்தேன்" என்றாள் நாத்தனார். கையிலிருந்த சாவிக்கொத்தின் குலுக்கல் நின்றது. முட்டை அட்டை ஒட்டிய அறையில் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

"சிரிக்கச் சொல்லுங்க தம்பி."

"அத்தை, கொஞ்சம் சிரிங்க."

கரடி அத்தை சிரித்தாள். இரண்டு வருஷம் பழகிய சிரிப்பு, உதட்டின் இரண்டு ஓரத்தையும் காதுவரை இழுக்கிற சிரிப்பு. கன்னம் வலித்தது. கண்ணாடியில் கரடியின் வாய் மெல்ல மேலே வந்தது. மோவாயின் சுருக்கம் விரிந்தது. வாய் நேர்க்கோடாகி, அங்கேயே நின்றுவிட்டது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, வெறும் முகம்.

"இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்காங்க. இவ்வளவுதான் ஏறுது."

கரடி அத்தைக்குக் கன்னம் நடுங்கத் தொடங்கியது. இழுத்துப் பிடித்ததை விட்டாள். கரடியின் முகம் சரசரவென்று பழையபடி கீழே இறங்கியது. இது என்னுடையதா என்று பார்த்தாள். உள்ளே தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் போனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். நாற்பது குழந்தைகளுக்கும் தெரியும்.

"அக்கா" என்றாள். கரடியின் வாயும் அசைந்தது. "போகாதீங்கக்கா. அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன். வாயில வேற வந்துடுச்சு."

 காலடி ஒன்று கிட்டே வந்தது. சலவைக்கூடத்து வாசனை கிட்டே வந்தது. இஸ்திரி போட்டுக் காய்த்த ஒரு கை, போனுக்கும் முகத்துக்கும் நடுவே நுழைந்து அவள் கன்னத்தைத் துடைத்தது. அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. காய்ந்துதான் இருந்தது. அது தெரிந்தும் கை துடைத்தது, ஒரு கன்னம், பிறகு மறு கன்னம், பிறகு மோவாய். விரலில் மாட்டியிருந்த சாவி குளிர்ந்து தோலில் பட்டது. இத்தனை நாளில் அவள் உடம்பில் தெளிவாக உணர்ந்த முதல் விஷயம் அந்தக் குளிர்ச்சிதான்.

கண்ணாடியில் கரடி அசையாமல் நின்றுவிட்டது. முகம் கிடைக்கவில்லை என்று அதன் தலைக்கு மேல் எழுத்து வந்தது.

"அம்மா, கையைக் கொஞ்சம் எடுங்க. முகம் தெரியல" என்றார் கொக்கி.

"தெரிஞ்ச வரைக்கும் போதும் தம்பி" என்றாள் நாத்தனார்.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் விரலிலிருந்த வீட்டுச் சாவியைக் கழற்றினாள். அது பைக்குள் திரும்ப விழுகிற சத்தம் கரடி அத்தைக்குக் கேட்டது.